பம்பக்கா சொன்ன தண்ணீர்

என் அண்ணியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. நாத்தனார் என்று ஒருத்தி இருந்தால் அண்ணியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பது உலக வழக்கம். அதை நான் முப்பது வருஷம் ஒழுங்காகக் காப்பாற்றினேன். ஆனால் இந்த ஊர் இன்றைக்கும் ஊராக இருப்பது அவளால்தான். இல்லை என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும்.

எங்கள் ஊர் ஒன்றும் ஆதிகாலத்து ஊர் இல்லை. மலைக்குச் சாலை போட வந்தவர்கள் கல்லை உடைத்தபோது காக்காப்பொன் கிடைத்தது. பொன் என்று பேர்தானே தவிர, ஏடு ஏடாக உரிகிற பளபளப்புக் கல் அது. நெருப்பில் போட்டாலும் அசையாது என்பதால் இஸ்திரிப் பெட்டிக்குள்ளும் அடுப்புக் கதவிலும் வைப்பார்கள். கம்பெனி வந்தது. முதலில் கீழ்த்தெருவுக்குப் பின்னால் மலைக்குள் நேராக ஒரு சுரங்கம் குடைந்தார்கள். அதில் கல் தீர்ந்ததும் வாயைச் செங்கல்லால் அடைத்துவிட்டு, மேலே ஏறி, மலையின் தோளில் கிணறு மாதிரி செங்குத்தாகக் குழி இறக்கினார்கள். குழி இறங்கும் வழியில், இரண்டாம் அடுக்கில், அந்தப் பழைய சுரங்கத்தின் வாலைத் தொட்டுக்கொண்டு போனது. அதற்கும் கீழே ஏழாம் அடுக்குவரை போனார்கள்.

அன்றிலிருந்து ஊரில் எதையும் குழிவாயிலிருந்துதான் அளப்பார்கள். “எங்க வேலை?” என்று கேட்டால் “நானூறு அடி” என்பார்கள். கீழே என்றால் பூமிக்குள்ளே, மேலே என்றால் குழிவாய். நடுவில் வேறு உலகமே கிடையாது. குழி இறங்கியதும் மலையிலிருந்த ஊற்றெல்லாம் வற்றி, குழிக்குள் ஊறும் தண்ணீரைப் பம்பு வைத்து மேலே ஏற்றி, அதைத்தான் ஊரே குடித்தது. பளிங்கு மாதிரி தண்ணீர்.

நல்ல காலத்தில் எங்கள் ஊரைப் பார்த்திருக்க வேண்டும்! மூவாயிரம் பேர், ஒரு சினிமாக் கொட்டகை, நாளுக்கு எட்டு பஸ். நான் தகடு உரிக்கும் கொட்டகையில் வேலை செய்தேன். நூறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கத்தி நுனியால் கல்லை ஏடு ஏடாகப் பிரிப்போம். கையோடு வாயும் ஓடும். தலைமுடியில், சோற்றில், பாயில் எல்லாம் பொடி மின்னும். கீழே சந்தைக்குப் போனால் எங்கள் ஊர்க்காரர்களை வெயிலில் நிறுத்திப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் அண்ணன் குழியில் துளை போடுகிறவன். அவன் கட்டிக்கொண்டு வந்தவள்தான் அண்ணி. வந்த முதல் நாளே எனக்கு ஆகவில்லை. குழிவாயிலிருந்து கீழ்த்தெருவில் எங்கள் வீட்டுக்கு இறங்கும் கற்படிகளை எண்ணிக்கொண்டே வந்தாள். “இருநூத்திப் பன்னெண்டு” என்றாள். புதுப் பொண்ணு பேசிய முதல் வார்த்தை அது! எதையும் எண்ணுவாள், எதையும் சாணால் அளப்பாள். தொட்டியில் தண்ணீர் இரண்டு விரல் இறங்கியிருந்தால் குளித்தது யார் என்று சொல்லிவிடுவாள். ஒரு வீட்டில் இப்படி ஒருத்தியோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது, சொல்லுங்கள்.

கல்தூசு அண்ணனை முப்பத்தெட்டு வயதில் கொண்டுபோய்விட்டது. கடைசி ஒரு வருஷம் மூச்சுக்காக அவன் பட்ட பாட்டை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவன் போனபிறகு கம்பெனி அண்ணிக்குக் குழிவாயில் இருந்த பம்பு அறையில் வேலை கொடுத்தது. அன்றைக்குக் குழாயடியில் பத்துப் பேர் இருக்கும்போது, “என் அண்ணனை முழுங்கிட்டு வேலையில போய் உக்காந்துட்டா” என்று சொன்னேன். அவள் குடத்தோடு பின்னால் நின்றதை நான் பார்க்கவில்லை. தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகவே கிடந்தது. எடுக்கவும் தெரியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

அவள் ஊருக்கெல்லாம் ‘பம்பக்கா’ ஆனது பெருமழை வருஷத்தில். பதினொரு நாள் விடாத மழையில் கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போயிற்று, பம்பு நின்றது. ஆட்களெல்லாம் மேலே வந்துவிட்டார்கள். ஆனால் கரண்ட் திரும்புவதற்குள் ஏழாம் அடுக்கிலிருந்து மூன்றாம் அடுக்குவரை தண்ணீர். குழி செத்தது என்றார்கள். அண்ணி பம்பை இறக்கினாள். ஐம்பத்து மூன்று நாள் இறைத்தாள். பம்பு அறையிலேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். எந்த அடுக்கு வற்ற எத்தனை நாள் ஆயிற்று என்று சுவரில் கரிக்கோடு போட்டு வைத்தாள். மூன்றாம் அடுக்கு பெரிய கூடம், அதற்கு மட்டும் பதிமூன்று கோடு. ஐம்பத்து நாலாம் நாள் ஏழாம் அடுக்கின் தரை தெரிந்தது. ஷிப்ட் சங்கை ஊதினார்கள் பாருங்கள், மலையே அதிர்ந்தது! ஆண்பிள்ளைகள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். நானும் கூட்டத்தோடு கூட்டமாகக் கைதட்டினேன். அவள் பார்க்கும்போது நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இருபது வருஷம் ஓடிற்று. பிறகு உலகம் காக்காப்பொன்னை மறந்தது. வேறு எதையோ கண்டுபிடித்துவிட்டார்களாம். மூன்று ஷிப்ட் இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. சினிமாக் கொட்டகையில் படம் நின்றது. எட்டு பஸ் இரண்டாகி, எங்கள் கொட்டகையில் நூறு பேர் பதினாலு பேரானோம். ஒரு நாள் எல்லாரையும் அந்தக் காலிச் சினிமாக் கொட்டகைக்கு வரச் சொன்னார்கள்.

கம்பெனி இன்ஜினீயர் மேடையில் ஏறிச் சொன்னார்: “இன்னையோட பம்ப நிறுத்தறோம். குழியில தண்ணி தானா ஏறும். ஆனா குழிவாய்க்கு அறுபது அடி கீழ நின்னுடும். அங்க ஒரு பிளவு இருக்கு, அதுவழியா மலைக்கு அந்தப் பக்கம் போயிடும். கரண்ட் லைனும் எங்களோடது, அதையும் எடுத்துடுவோம். பம்பு இல்லாம ஒரு சொட்டு வெளிய வராது.”

பக்கத்தில் இருந்த அதிகாரி முடித்து வைத்தார். “நூத்தி எண்பது நாள் லாரியில தண்ணி தருவோம். அதுக்கப்புறம் கிடையாது. சமவெளியில எல்லாருக்கும் வீடு ஒதுக்கியிருக்கு. நூத்தி எண்பதாம் நாள் காலையில கடைசி பஸ். தண்ணி இல்லாத இடத்துல ஆள் இருக்க அரசாங்கம் விடாது.”

அறுபது அடி கீழே என்றால் பூமிக்குள் அறுபது அடி. எங்களுக்குத் தெரியாதா?

நானும் அண்ணியும் படியிறங்கி வந்தோம். நான் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டு முன்னால் போனேன். திரும்பிப் பார்த்தால் அவள் பாதி வழியில் நிற்கிறாள்.

“என்ன அண்ணி, முட்டி பிடிச்சுக்கிச்சா?”

“இரு. நூத்தி இருபது.”

“ஊரே இடிஞ்சு கிடக்கு, இப்பவும் படி எண்ணணுமா?”

“படி ஒண்ணு அரை அடி. நூத்தி இருபது படி, அறுபது அடி. தண்ணி இங்க வந்து நிக்கும்.”

“எங்க?”

“இந்தப் படிக்கு நேரா, மலைக்குள்ள.” கையை நீட்டிக் காட்டினாள். “நம்ம கூரை எங்க இருக்கு பாரு.”

பார்த்தேன். கீழ்த்தெருவின் கூரைகள் எல்லாம் எங்கள் காலுக்குக் கீழே, எட்டாத பள்ளத்தில் வரிசையாகக் கிடந்தன. எங்கள் வீட்டுக் கூரையில் காயப்போட்ட என் பச்சைச் சேலை கைக்குட்டை அளவு தெரிந்தது.

நாற்பது வருஷம் ஏறி இறங்கிய படி. மூவாயிரம் பேர் ஏறி இறங்கிய படி. ஒரு மனுஷனுக்குத் தோன்றவில்லையே! குழிவாயிலிருந்து அளந்து அளந்து, அதற்குக் கீழே நம் வீடும் இருக்கிறது என்பதையே மறந்துபோனோம்.

“தண்ணி நம்ம தலைக்கு மேல நிக்கப் போகுது. பழைய சுரங்கத்து வாய் நூத்தி எழுபதாம் படிக்கு நேரா இருக்கு. அத உடைச்சு விட்டா, பம்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். தானா வரும்.”

மறுநாள் இன்ஜினீயரிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தார். “மட்டம் சரிதாம்மா. ஆனா அந்தச் சுரங்கம் உள்ள சரிஞ்சிருக்கும். அறுபது வருஷத்துக் குகை. நம்பி உக்காராதீங்க” என்றார். பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை என் பச்சைச் சேலையைக் காணோம். அண்ணி அதைக் கிழித்துக் கயிற்றில் பத்து அடிக்கு ஒரு துண்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். கயிற்று நுனியில், உள்ளே கல் போட்டு மூடிய டப்பா. அது தண்ணீரைத் தொட்டு மிதந்தால் கயிறு தொய்யும்; அப்போது துண்டுகளை எண்ணினால் ஆழம் தெரியும்.

“என் சேலைதான் கிடைச்சுதா?”

“பச்சை தூரத்துலயே தெரியும்” என்றாள். அவ்வளவுதான் சமாதானம். அன்று நான் அவளோடு சண்டை போட்டது மேல்தெரு வரைக்கும் கேட்டதாம்.

பம்பு ஒரு நாளில் இறக்கும் மட்டத்தை மலை மூன்று நாளில் ஏற்றிவிடும். அது அவளுக்கு மனப்பாடம். சுவரில் இருந்த கரிக்கோடுகளை அப்படியே திருப்பிப் போட்டாள். “நூத்தி எழுபதாம் நாள் சுரங்க வாயில தண்ணி” என்று ஊருக்குச் சொன்னாள். நம்பியவை முப்பத்தோரு வீடுகள். அவர்கள் சுரங்கத்து வாயை உடைத்து, கால்வாய் வெட்டி, பழைய கல்வண்டிகளைத் தொட்டியாகப் பதித்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொரு பஸ்ஸாக இறங்கிப் போனார்கள். என்னைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டோடே தங்கிவிட்ட என் வீட்டுக்காரர் குழியில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை ஓட்டியவர்; கூண்டே இல்லாத ஊரில் எனக்கென்ன வேலை என்றார். நாங்களும் கையெழுத்துப் போட்டோம், கடைசி பஸ்ஸுக்கு.

தினமும் காலையில் அவள் படியேறிப் போய்க் கயிறு விடுவாள். ஏழு நிறைந்தது, ஆறு நிறைந்தது, சொன்ன நாளுக்கு ஒன்றிரண்டு முன்பின். மூன்றாம் அடுக்கில் தண்ணீர் நின்ற மாதிரி ஆயிற்று. ஒரு வாரம், இரண்டு வாரம், கயிறு அசையவில்லை. “பம்பக்கா கதை முடிஞ்சுது” என்று ஊர் சிரித்தது. “கூடம் நிறைய வேண்டாமா? பதிமூணு கோடு, நாப்பது நாள்” என்றாள். நாற்பத்தோராம் நாள் தண்ணீர் மளமளவென்று ஏறியது. சிரித்தவர்களில் நாலு வீடு கையெழுத்தை வாபஸ் வாங்கியது. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். வெளியே, “குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்சிருக்கு” என்றேன்.

நூற்று அறுபத்தெட்டாம் நாள் தண்ணீர் எட்டாவது துண்டுக்கும் ஒன்பதாவது துண்டுக்கும் நடுவில் வந்தது. எண்பத்தைந்து அடி. பழைய சுரங்கத்தின் மட்டம். ஊரே சுரங்க வாயில் போய் உட்கார்ந்தது.

நூற்று எழுபது வந்தது. தண்ணீர் வரவில்லை.

நூற்று எழுபத்தைந்தாம் நாளும் போயிற்று. கயிறும் எண்பத்தைந்து அடியைவிட்டு நகரவில்லை. சுரங்கத்துக்குள் காய்ந்த இருட்டு. நம்பிய முப்பத்தைந்து வீட்டுக்காரர்களும் அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, போய்க் கேட்டேன்.

“அண்ணி, தண்ணி நின்னுபோச்சு. ஒத்துக்குங்க.”

“நிக்கறதா இருந்தா அறுபதுலதான நிக்கணும்? எண்பத்தஞ்சுல ஏன் நிக்குது? அது நிக்கல, போய்க்கிட்டிருக்கு. சுரங்கத்துக்குள்ள எங்கயோ பள்ளம் இருக்கு, அத ரொப்புது.”

“எத்தனை நாள்ல ரொம்பும்?”

அப்போதுதான் முதல் தடவையாக அந்தப் பதிலை அவள் வாயிலிருந்து கேட்டேன். “தெரியல. மத்த அடுக்கெல்லாம் நான் இறைச்சது. இத நான் இறைச்சதில்ல. அதோட வயிறு எனக்குத் தெரியாது. எண்ணாததை எண்ணின மாதிரி சொல்லிட்டேன், அது என் தப்பு.”

முப்பது வருஷமாக அவள் தோற்க வேண்டும் என்று காத்திருந்தவள் நான். தோற்று நின்றாள். எனக்கோ சந்தோஷப்படத் தெரியவில்லை.

நூற்று எண்பதாம் நாள் காலை பஸ் வந்தது. தண்ணீர் லாரி முந்தின நாளோடு சரி. அதிகாரி கையில் பட்டியலோடு ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். என் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டு அண்ணியிடம் ஓடினேன். சுரங்க வாயில் கல்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“வாங்க அண்ணி. ஜன்னலோரம் ஒரு சீட்டு பிடிச்சு வச்சிருக்கேன்.”

“நீ போ. நான் பாத்துட்டு வரேன்.”

“எத பாத்துட்டு? தண்ணி இல்லாம செத்துக் கிடப்பீங்க, எடுத்துப் போடக்கூட ஆள் இருக்காது!”

“வெயில்ல நின்னு கத்தாத, தொண்டை வறண்டுடும். குடிக்கத் தண்ணி கிடையாது” என்றாள். அந்த நேரத்திலும் பேச்சைப் பாருங்கள். அழுதுகொண்டே போய் பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் கிளம்பவில்லை. டிரைவர் முன்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தினார். “ஏறி வந்ததுல ரேடியேட்டர் காஞ்சு கிடக்கு. ஒரு கேன் தண்ணி ஊத்தாம நான் வண்டிய எடுக்க மாட்டேன். என்ன ஊருய்யா இது, ஒரு கேன் தண்ணிகூட இல்லையா?” அதிகாரி வீடு வீடாக ஆளை அனுப்பினார். எல்லார் வீட்டுத் தொட்டியும் கவிழ்ந்து கிடந்தது. நான் வழிக்கு வைத்திருந்த பாட்டிலை மடியில் மறைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். சுரங்கத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம். அண்ணியின் குரல். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. ஏதோ விழுந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது, ஒரு செருப்போடு ஓடினேன்.

சுரங்க வாயிலிருந்து குளிர்ந்த காற்று புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் தரையோடு தரையாக, ஒரு சாண் அகலத்துக்கு, தண்ணீர். அறுபது வருஷத்துக் காக்காப்பொன் பொடியையெல்லாம் வாரிக்கொண்டு, வெயிலைத் தொட்டதும் பளீரென்று மின்னிக்கொண்டு வந்தது. கால்வாயில் விழுந்தது. முதல் வண்டித் தொட்டியில் விழுந்தது. ஐயோ, அந்தச் சத்தம்! கிழவர்கள் குழந்தைகளாகக் குதித்தார்கள். யாரோ ஓடிப்போய், கரண்ட் இல்லாவிட்டாலும் கையால் சுற்றி ஊதுகிற அந்த ஷிப்ட் சங்கை ஊதினார்கள். ஊதுவதற்கு ஒன்றும் இல்லாமல் ஆறு மாதம் துருப்பிடித்துக் கிடந்த சங்கு. ஒரு சாண் இரண்டு சாணாயிற்று, முழமாயிற்று. பொடியெல்லாம் அடித்துக்கொண்டு போனபிறகு பழைய பளிங்குத் தண்ணீர்.

எல்லாரையும் விலக்கிக்கொண்டு முதலில் கை வைத்தது யார் தெரியுமா? பஸ் டிரைவர். கேனை நிரப்பிக்கொண்டு, “இப்ப கிளம்பலாம், எல்லாரும் ஏறுங்க” என்றார். ஒருத்தரும் ஏறவில்லை. என் வீட்டுக்காரர் பஸ் மேலே ஏறிப் பெட்டிகளைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். எங்கள் பெட்டியை மட்டுமில்லை, எல்லார் பெட்டியையும். அதிகாரி தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு, பட்டியலைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். பஸ் காலியாக இறங்கிப் போயிற்று.

இன்றைக்கு எங்கள் ஊரில் நூற்று நாலு வீடுகள். மலைச்சரிவு முழுக்கக் காய்கறி. போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். சமவெளியில் குழாயைத் திருகினால் காற்றுதான் வருகிறதாம்.

அன்று கூட்டம் கலைந்தபிறகு அண்ணி தொட்டி விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அண்ணி, அன்னைக்குக் குழாயடியில ஒண்ணு சொன்னேனே…”

“எதச் சொல்ற? நீ குழாயடியில சொன்னது ஒண்ணா ரெண்டா?”

“அண்ணன் போனப்ப.”

காலால் தண்ணீரை அளைந்தாள். பிறகு, “அத மட்டும் நான் எண்ணிக்கல” என்றாள். நான் அவள் மடியில் விழுந்து அழுத அழுகைக்குத் தொட்டி இரண்டு விரல் ஏறியிருக்கும்.

“போதும், எழுந்திரு” என்றாள். “அந்தக் கயிறு இத்துப்போச்சு. தண்ணி எவ்வளவு இருக்குன்னு இனிமேதான் தினம் பாக்கணும். பெட்டியில சிவப்புச் சேலை ஒண்ணு வச்சிருந்தியே?”

“அது நான் ஒரு தடவைகூடக் கட்டாத சேலை அண்ணி!”

“சிவப்பு இன்னும் நல்லாத் தெரியும்.”

பெட்டியைத் திறந்து எடுத்தேன். அவள் கை நீட்டினாள், நான் கொடுக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து நானே கிழித்தேன், பத்து அடிக்கு ஒன்றாகக் கட்ட.